கடைசி வரிசைக்கு என்ன தெரியும்?

மேடையில் நிற்பவர் போட்டிருப்பது நிஜத் தோலா, பெயின்ட் அடித்த ஃபோமா என்பது ஐந்தாறு வரிசைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாது. நாடகங்களுக்கு உடை செய்ய வந்த நாள் முதல் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள்தான். ஃபோம் ஷீட்டைக் கத்தரிக்கோலால் வெட்டலாம், ஹீட் கன் காட்டினால் எந்த வளைவுக்கும் வரும், சொல்யூஷன் தடவினால் ஒட்டிக்கொள்ளும். மேலே கலரும் கொஞ்சம் வார்னிஷும் அடித்துவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் வெண்கலம் என்றாலும் நம்பலாம், தோல் என்றாலும் நம்பலாம். எடை கிடையாது, விலை குறைவு, கிழிந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம். கையில் காசில்லாத நாடகக் குழு இதை விட்டுவிட்டு வேறு எதற்குப் போக வேண்டும்? எனக்கும் பதில் இல்லாமல்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவே இல்லை.

பார்ப்பவருக்கு உடை தெரிகிறது, சரி. உடைக்குள் ஓர் ஆள் இருக்கிறாரே, அவரும் தெரிகிறார் அல்லவா? அவர் மூச்சு வாங்குவது, திரும்புவது, தோளைத் தூக்குவது எல்லாம் கடைசி வரிசை வரைக்கும் தெரியும். சொல்லப்போனால் கடைசி வரிசைக்கு அதுதான் தெரியும். முகத்தின் நுணுக்கம் அங்கே போய்ச் சேராது. அந்த உடம்பை உடை என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கட்டைக்கூத்து ஆடுபவர்களிடம் இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள். அந்தக் கட்டை உடம்பில் ஏறியதும் ஆளின் நிற்பே மாறிவிடுகிறது. பகலில் பார்த்த மனிதர் இரவில் துரியோதனனாக நிற்பதில் அந்த மரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்தாலியிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1947-ல் மிலான் நகரத்தின் பிக்கோலோ தியேட்டரில் ஜார்ஜியோ ஸ்ட்ரெலர் இயக்கிய நாடகத்தில் மார்செல்லோ மொரெட்டி அர்லெக்கினோவாக நடித்தார். பழைய இத்தாலிய நகைச்சுவை நாடகங்களில் வரும் வேலைக்காரன் அவன், முகமூடிப் பாத்திரம். ஆனால் அப்போது கிடைத்த அட்டை முகமூடிகள் தொந்தரவாக இருந்ததால், ஆரம்பத்தில் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு நடித்தார். பிறகு பதுவா நகரத்துச் சிற்பி அம்லெத்தோ சர்த்தோரி, வழக்கொழிந்து போயிருந்த தோல் முகமூடிக் கலையை மீட்டெடுத்தார். மரத்தில் முகத்தைச் செதுக்கி, அதன் மேல் நனைத்த தோலைப் போர்த்தி, கொம்பால் செய்த சுத்தியால் தட்டித் தட்டி உருவம் கொண்டுவரும் முறை அது. அந்த முகமூடியை மொரெட்டி ஏற்றுக்கொண்டார். தோல் வியர்வையை உறிஞ்சும், முகத்தின் சூட்டில் இளகும், போட்டுப் போட்டு அந்த முகத்துக்கே படிந்துவிடும். தூரத்தில் இருப்பவருக்கு அட்டையும் தோலும் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். மொரெட்டியின் முகத்துக்கு அவை ஒன்றாக இல்லை. அதைப் படித்தபோது எனக்குள் கிடந்த பழைய கேள்வி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரத்தில்தான் நண்பர் ஒருவர் தன் குழுவின் புதிய நாடகத்துக்கு உடை செய்யக் கூப்பிட்டார். புறநானூற்றின் 13-ஆம் பாட்டின் காட்சியை வைத்துக் கட்டிய ஒரு மணி நேர நாடகம். சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியின் யானைக்கு மதம் பிடித்து, அவனையும் சுமந்துகொண்டு பகைவனின் கருவூருக்குள் நுழைந்துவிடுகிறது. சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறையும் உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும் அதை மேலிருந்து பார்க்கிறார்கள். யார் இவன் என்று கேட்டால், இவன் ‘புலிநிறக் கவசம்’ அணிந்தவன், அம்புகள் கிழித்து அதன் பொறிகள் சிதைந்திருக்கின்றன என்று புலவர் சொல்லத் தொடங்குகிறார். புலித்தோலால் செய்த மெய்புகு கருவி, அதாவது உடம்பில் மாட்டிக்கொள்ளும் கவசம், என்கிறது பழைய உரை. நான்கு நடிகர்கள் சேர்ந்து யானை ஆகிறார்கள். மேலே மூங்கில் மேடையில் சோழன். அடங்காத யானையை அடக்கப் பார்ப்பவனுக்கு வசனம் குறைவு, இடுப்புக்கு மேல் உடம்புதான் எல்லாம். அந்த உடம்பின் மேல் ஒரு கவசம். தோலில் செய்கிறேன் என்றேன். நண்பர் சிரித்துக்கொண்டே அதே பேச்சைத் திருப்பிச் சொன்னார்: “கடைசி ரோவுக்கு என்ன தெரியப்போகுது?” ஆனால் தடுக்கவில்லை. ஃபோமில் ஒன்று முதலில் செய்து வைத்துவிடு, அப்புறம் உன் இஷ்டம் என்றார்.

பெரியமேட்டில் ஒரு பாதித் தோல்

சென்னையில் தோல் வேண்டுமென்றால் பெரியமேடுதான். சைடன்ஹாம்ஸ் ரோட்டுப் பக்கம் கடை கடையாகச் சுருட்டி அடுக்கியிருப்பார்கள். கைப்பைக்கு, ஜாக்கெட்டுக்கு, செருப்பின் மேல்பாகத்துக்கு என்று எந்த நிறத்திலும் கிடைக்கும். அதில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டது. குரோம்பேட்டைக்கே பெயர் கொடுத்த தொழில் அது. மெத்தென்று இருக்கும், தண்ணீர் பட்டாலும் தாங்கும், நிறம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கவசத்துக்கு உதவாது. நனைத்து ஓர் உருவத்தில் அழுத்திக் காயவைத்தால், காய்ந்ததும் மறுபடி துவண்டுவிடும். குரோம் பதனிடுவதன் பெருமையே அதுதான்: தோலை எப்போதும் துவளத் துவள வைத்திருப்பது.

உருவம் பிடித்து நிற்கிற தோல், மரப்பட்டையில் பதனிட்டது. அதற்கு நம் ஊரில் நீண்ட பரம்பரை இருக்கிறது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்துத் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் ஈரோட்டிலும் பதனிட்டு, ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் உலகம் முழுக்க அனுப்பினார்கள். கடைக்காரர்கள் இப்போதும் ஈ.ஐ. தோல் என்கிறார்கள், அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெளிறிய மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். மூக்கருகே கொண்டுபோனால் குரோம் தோலின் ரசாயன நெடி இருக்காது, நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் டப்பாவைத் திறந்தபோது வருகிற துவர்ப்பு வாசம் வரும். நான் கேட்ட கனத்தில் அது கிடைப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மென்மையான வேலைக்கு 2 மி.மீ. போதும், மார்புத் தகட்டுக்கு மூன்றரையாவது வேண்டும். கடைசியில் எருமைத் தோல் ஒன்று, முதுகெலும்புக் கோட்டில் இரண்டாக வெட்டிய பாதி, வயிற்றுப் பகுதியோடு சேர்த்துக் கிடைத்தது. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் வயிற்றுப் பகுதியை வாங்காதீர்கள், அது கழிவு என்று சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே கடைக்காரர் பிரித்துத் தர மாட்டேன் என்றார். முழுசாக வாங்கினேன்.

பறைக்கும் மிருதங்கத்துக்கும் போடுகிறார்களே, அந்தப் பச்சைத் தோலை ஏன் யோசிக்கவில்லை என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. பச்சைத் தோல் காய்ந்தால் பதனிட்ட எதையும்விட விறைப்பாக நிற்கும். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் தளரும். பறையடிப்பவர்கள் நெருப்பில் காட்டிக் காய்ச்சுவது அதனால்தான். வியர்த்துக் கொட்டும் நடிகரின் மார்பில் அதைக் கட்டினால் பாதி நாடகத்தில் தொய்ந்து தொங்கும்.

வெந்நீர் வேலை

இடைக்கால ஐரோப்பாவில் கவசமும் குடுவையும் பெட்டியும் செய்யத் தோலை வெந்நீரில் இறுக்குவார்கள். அதைப் பற்றிப் படித்திருந்தேனே தவிர, நம் தோலில் அது எப்படி நடக்கும் என்று சொல்ல யாரும் இல்லை. அதனால் சோதனை செய்தே பார்ப்பது என்று முடிவு. மிச்சத் தோலில் 10 செ.மீ. நீளத்துக்கு வார் வாராக வெட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பேனாவால் சூட்டையும் நேரத்தையும் எழுதினேன். ஜாம் காய்ச்சும்போது வைக்கிற வெப்பமானியைப் பாத்திரத்தில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கினேன்.

60 டிகிரியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தோல் நனைந்தது, கறுத்தது, அவ்வளவுதான். 70-ஐத் தாண்டியதும் உயிர் வந்த மாதிரி ஓர் அசைவு. 80-க்குப் பக்கத்தில் போனதும் ஒரு நிமிடத்துக்குள் வாரின் ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டன, நீளம் கண்முன்னே குறைந்தது, தடிமன் கூடியது. தோலின் நார்கள் அந்தச் சூட்டில்தான் சுருங்கி ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்கின்றன. பட்டையில் பதனிட்ட தோலுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 70 முதல் 85 டிகிரிக்குள், குரோம் தோலுக்கு 100-ஐ ஒட்டி. வெளியே எடுத்தால் கொஞ்ச நேரம் ரப்பராக இழுபடும். அந்த அவகாசத்துக்குள் வளைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த பிறகு 10 செ.மீ. வார் 7 செ.மீ. ஆகியிருந்தது. மேசையில் தட்டினால் டொக் டொக் என்று மரச் சத்தம். கொதிக்கிற தண்ணீரில் போட்டது பொரித்த அப்பளமாக நெளிந்து, வளைத்ததும் பட்டென்று உடைந்தது.

மரத்துக்குப் பக்கத்தில் போகிற கடினத்தைத் தோலிலேயே, என் சமையலறை அடுப்பிலேயே கொண்டுவர முடிகிறது என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. ஆனால் சுருக்கம் ஒரே சீராக வராது. ஒரு பக்கம் அதிகம் சுருங்கும், இன்னொரு பக்கம் குறையும். அளவெடுத்துச் செய்கிற பெரிய தகட்டுக்கு இதை நம்ப முடியாது. சின்னச் சின்ன செதில்களுக்குச் சரி. பெரிய மார்புத் தகட்டுக்கு மென்மையான வழி: சாதாரணத் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, பாலிதீனில் சுற்றி இரவு முழுக்க வைத்து, மேல்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்போது நடிகரின் மார்பிலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சின் மேல் படியவைத்து, எலும்புக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து இறக்குவது. நிழலில் பாதி காயவிட்டு, மீதியை மொட்டைமாடிச் சித்திரை வெயிலிடம் விட்டுவிடலாம். வெந்நீரில் இறுக்கியது திரும்பி இளகாது. இப்படி நனைத்துப் படியவைத்தது மறுபடி நனைத்தால் இளகும். இந்த வித்தியாசத்தை நான் அப்போது ஒரு தகவலாகத்தான் குறித்துவைத்தேன்.

மொட்டைமாடியில் தோல் காய்ந்துகொண்டிருந்தபோது ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். துணி காயப்போடக்கூட மாடிக்கு வரவில்லை. “இதெல்லாம் நாம செய்ற வேலையாடி?” என்று அடுக்களையில் நின்று கேட்டார். அதே அத்தை தோல் செருப்பு போடுவார், தோல் பை வைத்திருக்கிறார், கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தலையாட்டுவார். தோலைத் தொடாமல் அவருடைய நாள் ஒன்றுகூடக் கழிவதில்லை, ஆனால் அதைத் தொட்டு வேலை செய்கிறவர் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. சாதியின் கணக்கு வேறெங்கும் இவ்வளவு அப்பட்டமாக என் கண்ணில் பட்டதில்லை. இதே வேலையை நான் செய்தால் அது கலை, எனக்குக் கைதட்டல். தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவர் பிளாட்பாரத்தில் ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். இதை நினைக்காமல் தோலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

வயிற்றுத் தோல்

அப்படி ஒரு குடைக்குக் கீழே இருந்துதான் எனக்கு வேண்டிய பதில் வந்தது. புரசைவாக்கம் பக்கம் ஒரு தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவர். ஓரம் சீவுவதற்குக் கத்தி தீட்டிக்கொள்ளத்தான் முதலில் அவரிடம் போனேன். கனமான தோலின் ஓரத்தைப் பின்பக்கமாகச் சாய்வாகச் சீவி மெலிசாக்கினால்தான் மடிப்பும் தையலும் சீராக உட்காரும். எனக்கு அது பிடிபடவே நேரம் எடுத்தது. அவர் கத்தியைத் தள்ளுவதே இல்லை, கத்தியை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு இடது கையால் தோலை இழுப்பார். நாடா நாடாவாகச் சீவல் விழும். பேச்சுவாக்கில் நான் கொண்டுபோயிருந்த கவசத்தின் வரைபடத்தையும் வெட்டின துண்டுகளையும் பார்த்தார்.

அதுவரை என் திட்டம் எளிமையானது: மார்பு, முதுகு, விலா எல்லாம் ஒரே கனம், ஒரே விறைப்பு. கவசம் என்றால் அப்படித்தான் என்று புத்தகத்துப் படங்கள் சொல்லியிருந்தன. பெரியவர் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். “இது வயித்துப் பக்கம்மா. இழுத்தா வரும் பாருங்க. இதுல வாரு போட்டா கொஞ்ச நாள்ல தொங்கிடும். வாரு வெட்டணும்னா முதுகுல வெட்டணும். முதுகு நிக்கும், வயிறு விட்டுக் குடுக்கும்.” இன்னொரு துண்டை எடுத்தார், முதுகெலும்பை ஒட்டியது. இழுத்தார். வரவில்லை. இரண்டையும் என் கையில் கொடுத்து நீங்களே இழுத்துப் பாருங்கள் என்றார்.

அவர் சொன்னது செருப்பு வாருக்கு. நான் கேட்டது நடிகரின் உடம்புக்கு. மாட்டின் முதுகு நிற்கத்தான் வேண்டும், வயிறு மூச்சுக்கும் தீனிக்கும் விரிந்து சுருங்கத்தான் வேண்டும். உயிரோடு இருந்தபோது எந்த இடம் எவ்வளவு விட்டுக்கொடுத்ததோ அது பதனிட்ட பிறகும் தோலில் இருக்கிறது. மனித உடம்பிலும் அதே கதைதான்: மார்பெலும்பு நிற்கும், விலாவின் பக்கங்கள் மூச்சுக்கு விரியும். கழிவு என்று வீடியோக்காரர்கள் ஒதுக்கிய வயிற்றுத் தோல்தான் என் நடிகரின் விலாவுக்கு வேண்டியது. அங்கேயே, அந்தப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து வரைபடத்தை மாற்றி வரைந்தேன். மார்புக்கும் முதுகுக்கும் முதுகுத் தோல், தண்ணீரில் படியவைத்து. தோள்பட்டையின் மேலே வெந்நீரில் இறுக்கிய செதில்கள், ஒன்றின் மேல் ஒன்று சரியும்படி. இரண்டு விலாவிலும் அக்குளுக்குக் கீழேயும் இறுக்காத வயிற்றுத் தோல், குறுக்காக இழுபடும்படி வெட்டியது. இணைப்பெல்லாம் மெழுகு நூலில், ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் ஊசி போகிற தையல். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். தையலை முக்கால்வாசி பெரியவரே போட்டார். குத்தூசி அவர் கையில் ஒரே சாய்வில் இறங்கும். என் தையலும் அவர் தையலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடத்தை இன்றைக்கும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நிறத்துக்கு நான் எந்தச் சாயமும் வாங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். புலியைத் தொட இனி யாராலும் முடியாது, முடியவும் கூடாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எருமைத் தோலில் புலி நிறம் எப்படி? ஆவாரம்பட்டைத் தோல் வெயிலில் சிவக்கும் குணமுடையது. மாடியில் கிடந்து அது ஏற்கெனவே செம்பழுப்பாக ஏறியிருந்தது. வரிகளுக்குத் துருப்பிடித்த ஆணிகளை ஒரு பாட்டில் வினிகரில் ஊறப்போட்டேன். கலம்காரிக்காரர்கள் கறுப்புக்கு இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைப்பார்கள், கடுக்காய் ஏற்றிய துணியில் அது பட்டதும் கறுக்கும். கடுக்காய் ஏறிய தோலிலும் அதேதான். ஆணி ஊறிய தண்ணீர் பார்க்க வெறும் செம்மண் கலங்கலாக இருக்கும். பிரஷில் தொட்டு ஒரு கோடு இழுத்தேன். முதலில் ஈரக் கோடு மட்டும். மூச்சு விடுகிற நேரத்தில் சாம்பல், அப்புறம் ஊதா சாயல், அப்புறம் நல்ல கறுப்பு. தோலின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உள்ளேயே உண்டாகிற கறுப்பு அது. பூசிய கறுப்பாக இருந்தால் உரியும். இது நகத்தால் சுரண்டினாலும் அடியில் கறுப்புதான். பிறகு புளிப்பு தங்காமல் இருக்க ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, புங்க எண்ணெய் தடவினேன். அம்பு கிழித்த இடங்களை ஈரமாக இருக்கும்போதே கீறி, உதடுகளை வெளிப்பக்கம் மடித்துக் காயவிட்டேன்.

ஒத்திகை

ஃபோம் கவசத்தை வைத்துத்தான் முதல் ஒத்திகைகள் நடந்தன. அதில் குறை சொல்ல எதுவுமில்லை, படத்தில் மிக அழகாக விழுந்தது. ஆனால் நடிகர் திரும்பும்போது அவர் முதலில் திரும்புவார், கவசம் கொஞ்சம் பிந்தித் திரும்பும். கையைத் தூக்கினால் மொத்தக் கூடும் மேலேறிக் கழுத்தில் இடிக்கும். காற்றுப் போகாததால் உள்ளே வியர்வை ஓடையாக ஓடும். பத்து நிமிடத்தில் தோள்களைக் குறுக்கிக்கொண்டு, கவசத்துக்குப் பயந்தவராக நடிக்க ஆரம்பித்துவிடுவார். அவருக்கே அது தெரியாது.

தோல் கவசத்தைக் கட்டிவிட்ட அன்று நான் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நடிகரிடம் எதுவும் சொல்லவில்லை. யானை மதம் பிடித்து ஆடத் தொடங்கியது. மேலே இருந்தவர் ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்தார். விலாவின் பக்கங்கள் விரிந்து மார்புத் தகடு முன்னால் ஏறியது, விட்டதும் இறங்கியது. சோழன் மூச்சு வாங்குகிறான் என்பது அவ்வளவு தூரத்துக்கும் தெரிந்தது. அடுத்தது திரும்புதல். மார்பு விறைப்பாக இருந்ததால் கழுத்தை மட்டும் திருப்ப அவருக்குத் தோன்றவில்லை, இடுப்பிலிருந்து மொத்த உடம்பும் ஒன்றாகத் திரும்பியது. தோள் செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கடகடவென்று சின்னச் சத்தம் போட்டன. யானையாக இருந்த நால்வரில் ஒருவர் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார். அந்தத் திருப்பல் ஒத்திகையில் யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. பிறகு நாடகத்தில் அது நிலைத்தது.

முடிந்ததும் நடிகரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கனமாக இருக்கிறது என்றார். கஷ்டமா? “இல்லக்கா, கனமா இருக்கறதால மெதுவாப் பண்ணினேன். அவசரப்படத் தோணல” என்றார். இயக்குநர் நண்பர் கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அடுத்த ஓட்டத்தைப் பார்த்தார். தோல் என்று தெரியவில்லை, ஆனால் இவன் வேறு ஆளாகத் தெரிகிறான் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தூரத்துக்குத் தெரிவது எந்தப் பொருளால் செய்தது என்பது அல்ல, அந்தப் பொருள் உடம்பை என்ன செய்தது என்பது. இதைத்தான் நான் இத்தனை காலம் சொல்லத் தெரியாமல் வைத்திருந்தேன். இனி எந்த இயக்குநர் கேட்டாலும் சொல்வேன். எல்லா உடைக்கும் தோல் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. தூதுவனின் இடைவாரும் காவலர்களின் கேடயமும் ஃபோமில்தான் செய்தேன், அவற்றை வைத்து யாரும் மூச்சு வாங்கப்போவதில்லை.

நிகழ்ச்சித் தாளில் ‘தோல் வேலை’ என்று ஒரு வரி போட்டுப் பெரியவரின் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் அச்சடித்தோம். கொண்டுபோய்க் காட்டியபோது, “பேரெல்லாம் எதுக்கும்மா, கூலிதான் குடுத்துட்டீங்களே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கிளம்பும்போது, இன்னும் நாலு தாள் கிடைக்குமா என்று கேட்டார்.

அடுத்த உடம்பு

இப்போது ஒரு பிரச்சினை வந்திருக்கிறது. சோழனாக நடித்தவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். அடுத்த காட்சிகளுக்கு வேறொருவர் வருகிறார். அகன்ற தோள், குட்டையான மார்பு. கவசத்தைக் கட்டிப் பார்த்தோம். இத்தனை காட்சிகளின் வியர்வையிலும் சூட்டிலும் தோல் பழைய நடிகருக்கே படிந்துபோயிருக்கிறது. இடது விலாவில் அவருக்கு ஒரு சாய்வு இருந்தது, அந்தச் சாய்வு அப்படியே கவசத்தில் இருக்கிறது. புதியவருக்கு அந்த இடம் குத்துகிறது. ஃபோமில் இப்படி ஆகாது என்பது உண்மை. எந்த உடம்பையும் அது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

தோள் செதில்களை ஒன்றும் செய்ய முடியாது, வெந்நீர் கண்டவை திரும்பாது. அவற்றைப் பிரித்துத் தோளின் அகலத்துக்கு இன்னும் இரண்டு வரிசை சேர்த்துக் கட்ட வேண்டும். மார்புத் தகடும் முதுகும் தண்ணீரில் படியவைத்தவைதான், அவை இளகும். இரும்புக் கறுப்பு நாருக்குள் இருப்பதால் ஊறவைத்தாலும் வரிகள் போகாது, ஓரங்களில் கொஞ்சம் பரவலாம், பரவட்டும். விலாவுக்குப் புதிதாக வயிற்றுத் தோல் வெட்டப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பிளாஸ்டர் அச்சு வேண்டாம் என்று இருக்கிறேன். ஈரத் தோலை ஒரு பனியனுக்கு மேல் புதியவரின் உடம்பிலேயே கட்டிவிட்டு, யானைக் காட்சியை மெதுவாக ஒருமுறை ஓட்டச் சொல்லப்போகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தோல் காயாது, பூஞ்சை பூக்கும். அதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லியிருக்கிறேன்.